அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது

பெஸ்தாரி ஜெயா,
கோலசிலாங்கூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ போனில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் தொழிற்சாலையில் பி.வி.சி. பேஸ்ட் பூசிய சாம்பல் நிறத் துணி, ஊசிமுனை அளவில் ஒரு குழி, கொஞ்சம் தள்ளி அதே நேர்கோட்டில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. படம் என்னைப் பயமுறுத்தவில்லை. அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் தூக்கத்தைக் கெடுத்தது. "லைனை மெதுவா ஓடவிட்டு, தின்னர் துணியால ரோலரைத் துடைக்கச் சொல்றாங்க மாமா." வாட்ஸ்அப்பில் இதற்குப் பதில் தட்ட என் விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் தாளை எடுத்தேன்.

முதலில் இதைப் படி, மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஓடுகிற ரோலரில் கை வைக்காதே. மெதுவாகத்தானே ஓடுகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார். நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடும் லைனில் துணி வினாடிக்கு 33 சென்டிமீட்டர் போகிறது. அதை 5 மீட்டருக்குக் குறைத்தாலும் வினாடிக்கு 8 சென்டிமீட்டருக்கு மேல். உன் நடுவிரல் நீளமே அவ்வளவுதான். துடைக்கிற துணியின் நுனி இரண்டு ரோலர்களுக்கு நடுவே சிக்கிவிட்டது என்று உனக்கு உறைத்து, கையை இழுப்பதற்குள் விரல் உள்ளே போயிருக்கும். வேகத்தைக் குறைத்தால் இழுக்கிற பலம் குறையாது. கியரும் மோட்டாரும் அதே பிடியில்தான் இருக்கும்.

லைனை நிறுத்து. சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடு, சாவி உன்னிடம் இருக்கட்டும். சூடான ரோலரென்றால் ஆறவிடு. சுற்றித் துடைக்க வேண்டுமானால் கையால் உருட்டு. கையால் உருட்ட முடியாத பெரிய ரோலரென்றால், பூட்டைத் திறந்து, விரலை எடுத்ததும் நின்றுவிடும் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் நகர்த்து, நின்ற பிறகு பூட்டிவிட்டுத் துடை, மறுபடி நகர்த்து. பொத்தானை அழுத்துகிறவளும் துடைக்கிறவளும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். "நான் அழுத்துறேன், நீ துடை" என்கிற கூட்டாளி வேண்டாம். எப்போதும் துணி வெளியே வரும் பக்கத்தில் நின்று துடை, உள்ளே போகும் பக்கத்தில் நிற்காதே. துப்பட்டா, நீளமான கழுத்துச் சங்கிலி, தொங்குகிற தலைமுடி ஆகாது. உன் அம்மா போட்டுவிட்ட வளையலும்தான். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு வந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் 26ஏ பிரிவைப் படி. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்.

இனி உன் படத்தில் இருக்கும் அந்தப் புள்ளிக்கு வருவோம்.

ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் வருகிறது என்றால் அது பேஸ்ட்டில் இருந்த தூசி இல்லை. தூசி கண்டபடி விழும். இது ஏதோ ஒரு ரோலரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி, சுற்றுக்கு ஒரு தரம் முத்திரை குத்துகிறது. எந்த ரோலர் என்பதைத் துணியே சொல்லும். டேப்பை எடு. ஒரே ஒரு இடைவெளியை அளந்து நம்பாதே, துணி கொஞ்சம் இழுபட்டிருக்கும். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகு. 62.8 சென்டிமீட்டர் வருகிறது என்று வை. 3.14ஆல் வகுத்தால் 20. ஆக 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோலரைத் தேட வேண்டும். ஒரே விட்டத்தில் ஏழெட்டு வழிகாட்டி ரோலர்கள் இருக்குமே என்பாய். குழி பூச்சுப் பக்கமா, அடிப்பக்கமா என்று பார்; பாதி ரோலர்கள் கழிந்துவிடும். கத்திக்கு அடியில் இருக்கும் ரோலரை மட்டும் கழிக்காதே, அது அடிப்பக்கம் தொட்டாலும் குழி பூச்சுப் பக்கம் விழும். பிறகு துணியின் கரையிலிருந்து குழி எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து, லைனை நிறுத்தி, டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்து, மிச்சமுள்ள ஒவ்வொரு ரோலரிலும் அந்த இடத்தை மட்டும் பார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல்நுனிக்குத் தெரியும். துணியின் அகலம் முழுக்கக் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக வந்தால் ரோலரைத் துடைத்துப் பயனில்லை. அது கியரோ பேரிங்கோ கத்தியோ அதிர்வதால் வருவது. மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடு.

இது எங்கள் கம்பெனி டிரெய்னிங்கில் கற்றது என்று நினைக்காதே. உன் தாத்தாவிடம் கற்றது.

பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாற்றினாலும் என் வாயில் பழையதுதான் வருகிறது) பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர் பால் ஸ்டோரில் இருந்தார். காட்டிலிருந்து வந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட் ஊற்றித் தொட்டியில் விடுவார்கள். மறுநாள் காலையில் அது வெள்ளைப் பலகையாக உறைந்திருக்கும். அதை வரிசையாக நிற்கும் ரோலர் ஜோடிகளில் விடுவார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளி குறைந்துகொண்டே போகும், மேலே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். கடைசி ஜோடி மட்டும் வரி வெட்டியது. அந்த வரி விழுந்த ஷீட்டு சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு புகை வீடு.

வேலை முடிந்ததும் மற்றவர்கள் குளிக்கப் போவார்கள். தாத்தா பிரஷ்ஷை எடுப்பார். வரி ரோலரின் பள்ளங்களில் சிக்கிய ரப்பர்த் துணுக்கை ஒன்றுவிடாமல் எடுப்பார். ரோலரில் தங்கிப்போன பால்தண்ணீர் வழவழவென்று கிருமி பிடித்து, மறுநாள் ஷீட்டில் ஏறும். ஷீட்டைச் சரியாகக் கழுவாமல் அந்தத் தண்ணீர் மேலே மிஞ்சினாலும் இதே கதிதான்: காய்ந்த பிறகு இழுத்துப் பார்த்தால் பழுப்புப் படலம் உதிரும். முதல் தரத்துக்குப் போக வேண்டியது கீழே இறங்கிவிடும். தரம் பிரிக்கிறவர்கள் மெஷினை வைத்துப் பிரிக்கவில்லை. ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசிய ரப்பர்த் தரமுறை வந்த பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தரம் சொல்வது இந்த நாட்டு ரப்பருக்கு வந்தது.

அவருக்கு இன்னொரு கெடுபிடி உண்டு. ரோலரின் பித்தளை புஷ் தேய்ந்து, கிரீஸோடு பச்சையாகக் கசியும். அதில் ஒரு சொட்டுகூட ஷீட்டில் விழக் கூடாது என்பார். கணக்கெழுதும் கிராணிகூட இது வெறும் சுத்தப் பைத்தியம் என்று சிரித்ததாகச் சொல்வார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது, செம்பு பட்ட ரப்பர் சீக்கிரம் சிதைந்து பிசுபிசுக்கும் என்று நான் புத்தகத்தில் படித்தது பிறகு, வேலைக்குப் போன காலத்தில். அவருக்கு யார் சொன்னார்களோ.

அந்த ரோலர்களெல்லாம் இப்போது எந்தப் பழைய இரும்புக்கடைக்குப் போனதோ. காடு முழுக்கச் செம்பனை. இதே பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டார். 1930இல் நாவலுக்காகக் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. பால்மரம் போனது, ஸ்டோர் போனது, ஆனால் துணியும் பூச்சும் ரோலரும் சேர்ந்த தொழில் உன் வழியாக நம் வீட்டுக்கே வந்திருக்கிறது பார். ரப்பரையும் துணியையும் ரோலரையும் அன்றே சேர்த்தவர் அமெரிக்காவில் எட்வின் சாஃபி. சூடான ரோலர்களுக்கு நடுவே ரப்பரைத் துணிமேல் அழுத்தி ஏற்றும் இயந்திரத்துக்கு 1836இல் காப்புரிமை வாங்கினார். மலாயாவுக்கு ரப்பர் கன்று வந்ததே 1877இல்.

சரி, உன் லைன். துடைப்பதற்கு முன்னால் அழுக்கு ஏன் வந்தது என்று கேள். இல்லாவிட்டால் நீ துடைத்துக்கொண்டே இருப்பாய், அது வந்துகொண்டே இருக்கும்.

கத்திக்கு அடியில் இருக்கும் ரோலரில் என்றால், பெரும்பாலும் இரண்டு காரணம். நெசவு லூசான துணியில் பேஸ்ட் ஊறி அடிப்பக்கம் வந்துவிடுகிறது. அல்லது துணி ஒரு பக்கம் நகர்ந்து, கரைக்கு வெளியே பேஸ்ட் நேராக ரோலர்மேல் விழுகிறது. அந்த ரோலர்தான் எல்லாவற்றிலும் மோசம். கத்திக்கும் துணிக்கும் இடைவெளி 0.3 மில்லிமீட்டர் என்று வை. ரோலரில் 0.1 மில்லிமீட்டர் கட்டி ஒட்டினால் அந்த இடத்தில் பூச்சு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். உன் படத்தில் இருக்கும் குழிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஓவனை விட்டு வெளியே வந்ததும் துணி தொடும் முதல் ரோலரில் என்றால், துடைப்பதற்குமுன் வெப்பத்தைப் பார். பி.வி.சி. பேஸ்ட் சரியாக வேகாமல் பிசுபிசுப்பாக வெளியே வந்தால் அந்த ரோலரில் தோலுரியும். வெந்தாலும் அதிலிருந்து எழும் பிளாஸ்டிசைசர் புகை, குளிர்ந்த இடம் பார்த்து எண்ணெயாகப் படியும்: குளிர்ரோலர், புகைக்குழாயின் வாய், ஓவன் கூரை. அந்த எண்ணெயில் பஞ்சு ஒட்டும், பஞ்சில் தூசி ஒட்டும். கூரையிலிருந்து சொட்டினால் துணியில் வட்டமாகக் கறை விழும். அதற்கு இடைவெளிக் கணக்கெல்லாம் கிடையாது. குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்.

தின்னர் விஷயம். உங்கள் டின்னில் எம்.இ.கே. என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் வெப்பத்திலேயே தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்தில் ஓவன். ஓடுகிற துணியில் நிலைமின்சாரம், தொட்டால் சுரீர் என்கிறதே, அதுதான். மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள். அதோடு, ரப்பர் உறை போட்ட ரோலரில் அதை ஊற்றினால் பல வகை ரப்பர் ஊதிப்போகும். விட்டம் மாறும், துணி சுருக்கம் விழும், அப்புறம் அந்த ரோலரையே மாற்ற வேண்டிவரும்.

பேஸ்ட் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் இத்தனை வம்பே இல்லை. தோசை மாவு கல்லின் ஓரத்தில் வழிந்த உடனே துடைத்தால் ஈரத்துணி போதும், வெந்துவிட்டால் சுரண்ட வேண்டும், அது போல. வேகாத பி.வி.சி. பேஸ்ட்டை முதலில் உலர்ந்த துணியால் வழித்துவிட்டு, மிச்சத்தைப் பேஸ்ட்டில் கலக்கும் அதே பிளாஸ்டிசைசரைத் தொட்டு எடு, பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு உலர்ந்த துணி. கையுறை போட்டுக்கொள். வெந்து இறுகியதை பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் நெம்பி எடு. இரும்புக் கத்தியும் கம்பிப் பஞ்சும் குரோம் ரோலர் பக்கமே போகக் கூடாது. நீ போடும் கீறலில்தான் நாளைக்குப் பேஸ்ட் தங்கும்.

இதெல்லாம் உன் லீடருக்கும் தெரியாமல் இருக்காது. அவர் நிறுத்தப் பயப்படுகிறார், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓவனுக்குள் துணி நின்றால் கருகிப்போகும். அதனால் நிறுத்துவதற்கு முன்னால் வெறும் இழுவைத் துணியைத் தைத்து உள்ளே விட வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். நான் பார்த்த தொழிற்சாலைகளில் இந்த நேரத்தை யாருடைய கணக்கிலும் எழுதாமல், ஷிப்ட் முடியும் கடைசி நிமிடங்களில் புதிதாக வந்த பெண்கள் தலையில் கட்டிவிடுவார்கள். உனக்கும் அதுதான் நடக்கிறது. அழுக்கு அவர்களுடைய வேலைத் திட்டத்தில் இருக்கிறது பாப்பா, உன் கையில் இல்லை.

ஆகவே அவரிடம் கணக்கோடு போ. புள்ளியோடு ஒரு மணி நேரம் ஓடினால் 1,200 மீட்டர் இரண்டாம் தரம். துணி, பேஸ்ட், கேஸ் எல்லாம் செலவாகிவிட்டது. அரை மணி நிறுத்தினால் ஓடாமல் போவது 600 மீட்டர், அதற்குத் துணியும் பேஸ்ட்டும் செலவாகவில்லை. நிறம் மாற்றும்போது எப்படியும் நிற்கத்தான் வேண்டும், அந்த இடத்தில் துடைக்கும் நேரத்தைத் திட்டத்திலேயே எழுதிக் கேள். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும்படி ஆர்டரை அடுக்கச் சொல். குரல் உயர்த்தாமல், எழுதிக் கொடு.

அடுத்த ஷிப்டில் பத்து இடைவெளியின் மொத்த நீளம், குழி எந்தப் பக்கம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், லைனில் உள்ள ரோலர்களின் விட்டம், இவ்வளவையும் எழுதி அனுப்பு. விட்டத்தை ரோலரில் வைத்து அளக்காதே, மெயின்டனன்ஸ் அறையில் வரைபடம் இருக்கும், அதில் பார்த்துக்கொள். பூட்டு கொடுக்காவிட்டால் சொல், கோலசிலாங்கூர் டவுனில் நானே வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா