மூன்று மீட்டர் தூரம்

கேமரா பழகிய புதிதில் பலரையும் போல நானும் முதலில் வாங்கிய பிரைம் லென்ஸ் 50 மில்லிமீட்டர்தான். விலை குறைவு. எஃப் 1.8 என்பதால், கேமராவுடன் வந்த 18-55 ஸூம் லென்ஸை முழுக்க நீட்டும்போது கிடைக்கும் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இருட்டிய பிறகும் தேக்காவில் படம் எடுக்கலாம். தெருப் புகைப்படக் கலையில் பெரிய பெயரான ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50-ஐத்தான் பயன்படுத்தினார் என்று படித்திருந்ததும் ஒரு காரணம்.

ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். அவர் பயன்படுத்திய ஃபிலிம் 36க்கு 24 மில்லிமீட்டர். என் கேமராவில் இருப்பது அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சர். இதில் 50 போட்டால், அவர் கேமராவில் 75 போட்டதுபோல் காட்சி குறுகிவிடும். கேமராவைப் படுக்கையாகப் பிடித்து ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க வேண்டுமென்றால், சுமார் ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

உண்மையில் அது எனக்கு வசதியாகவே இருந்தது. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். சாலையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் இருப்பவர்களை எடுப்பேன். யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவில் நடைபாதை ஓரம் ஓர் ஊழியர் தனியாக அமர்ந்திருந்தார். கையில் கைப்பேசி, தலை குனிந்திருந்தது. மூன்று படம் எடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணே, என்னையவா எடுத்தீங்க?”

காட்டினேன். படம் அருமையாக வந்திருந்தது. கண்ணோரத்து ஈரம்கூடத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், “வீட்ல பேசுறப்ப சிரிச்சுக்கிட்டேதான்ணே பேசினேன். ஃபோன வச்சப்புறம்தான்... இத எங்கேயும் போட்டுடாதீங்க. எங்கம்மா பாத்துட்டா தாங்காது” என்றார்.

அவர் முன்னாலேயே மூன்றையும் அழித்தேன். போகும்போது, “கிட்ட வந்து கேட்டிருந்தா சிரிச்சமாதிரி ஒண்ணு குடுத்திருப்பேனே” என்றார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மூன்று மீட்டர் தூரத்தில் நின்றிருந்தால் அந்தப் படத்தை எடுத்திருப்பேனா? மாட்டேன். அவர் அழுவதைப் பார்த்ததுமே கேமராவை இறக்கியிருப்பேன்.

அடுத்த லென்ஸை அவசரப்பட்டு வாங்கவில்லை. பழைய 18-55-ஐ எடுத்து, 23-இல் வைத்து, நகராதபடி டேப் ஒட்டி இரண்டு வாரம் நடந்தேன். பிறகு 35-இல் இரண்டு வாரம். என் கேமராவில் 35 போட்டால் ஒருவரை முழுதாக எடுக்க நான்கு மீட்டருக்குச் சற்று மேல். 23 போட்டால் சுமார் மூன்று மீட்டர். பேச்சுக் குரல் எட்டும் தூரம்.

பழைய படங்களில் எந்த அளவை அதிகம் பயன்படுத்தினோம் என்று பார்த்து அதையே வாங்கும்படி சிலர் சொல்வதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால், என் பழைய படங்கள் என் கூச்சத்தைத்தான் காட்டியிருக்கும்.

23-ஐத் தேர்ந்தெடுத்தேன். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒருவர் பயன்படுத்தியதாகவே கிடைத்தது. எஃப் 8-இல் வைத்து இரண்டரை மீட்டருக்கு ஃபோகஸை நிறுத்திவிட்டால், ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் ஓரளவு தெளிவாகவே விழும். அதனால் கேமராவைப் பார்ப்பது குறைந்து, ஆளைப் பார்ப்பது கூடியது.

இப்போது படங்கள் குறைவு. சிலர் வேண்டாம் என்று கையசைப்பார்கள், நகர்ந்துவிடுவேன். பஃபலோ ரோட்டில் பூக்கட்டும் அக்கா மட்டும், “இன்னிக்கு வேணாம் தம்பி, தலை வாரல” என்று உரிமையோடு சொல்வார்.

அந்த ஊழியரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்த்தால், சிரித்த முகமாக ஒரு படம் எடுத்து அவர் கைப்பேசிக்கு அனுப்ப வேண்டும். அம்மாவுக்குக் காட்டட்டும்.