ராத்திரி ஸ்டேஷனில் வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் பொறுப்பையும் உனக்கே கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். போர்டில் பெயர் எழுதி வைத்ததோடு அந்த வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. நீ அப்படி இருந்துவிடாதே. நன்னடத்தை அலுவலராக நான் பார்த்த பையன்கள் பலருக்கும் வாழ்க்கை திசைமாறியது ஸ்டேஷனில் கழிந்த ஒரு ராத்திரியில்தான்.

செல்போன் பறிப்பு, பைக் திருட்டு, அடிதடி என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். "மீசை முளைச்சிருச்சு சார், 19-னு போட்டுடலாம்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். 19 என்று எழுதினால் அவன் பெரியவர்களோடு ஜெயிலுக்குப் போவான். 17 என்றால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்பான். ஆகவே முதலில் பள்ளிச் சான்றிதழைக் கேள். அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் கிடைக்காதபோதுதான் எலும்புச் சோதனை என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்.

லாக்கப் கூடவே கூடாது. கைவிலங்கும் கூடாது. அவனோடு பேசும்போது நீ யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தில் ஆஜர்படுத்த வேண்டும். பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும். இந்தத் தகவல்தான் எங்களுக்கு வராது. மறுநாள் போய்ப் பார்த்தால் பையன் பாதம் வீங்கி நிற்பான். "கீழே விழுந்துட்டேன்" என்பான். அவனைக் கூட்டிவந்த போலீஸ்காரர் பின்னாலேயே நிற்கும்போது வேறென்ன சொல்வான்?

ஜாமீனில் விட முடியாத குற்றமென்றாலும் சிறுவனை ஜாமீனில் விடுவதே விதி. மறுப்பதற்கு அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு சில காரணங்களை மட்டுமே சொல்கிறது. ஆனால் "வீட்டுச் சூழல் சரியில்லை" என்று நீ ஒரு வரி எழுதிவிட்டால், ஏழை வீட்டுப் பையன் கூர்நோக்கு இல்லத்தில்தான் கிடப்பான். வீட்டை நேரில் பார்க்காமல் அந்த வரியை எழுதாதே.

இல்லங்களின் நிலை உனக்கே தெரியும். 2022 டிசம்பர் கடைசியில், திருட்டு வழக்கில் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு இல்லத்தில் இறந்துபோனான். அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழுவாக ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு இந்த இல்லங்களின் நிலையை ஆராய்ந்து, 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். 1920-லேயே சிறாருக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. அங்கே இப்படி நடந்ததை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"ரெகவரி காட்டு" என்று மேலிருந்து அழுத்தம் வரும். போனைப் பறிகொடுத்தவர் வாசலில் நிற்பார். அவர் கோபமும் நியாயம்தான். அவரை உட்காரவைத்துப் பேசு, பொருளைத் தேடிக் கொடு. ஆனால் அதற்காகப் பையன் மேல் யாரும் கை வைக்க விடாதே. நீ அங்கே இருக்கும்போது மற்றவர்கள் அடித்தாலும் அது உன் பொறுப்புதான்.

உன் மாவட்ட நன்னடத்தை அலுவலரின் நம்பரை இன்றே வாங்கி வை. ஒரு பையனைக் கூட்டிவந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் அவரைக் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா