பல்லடத்துக் கோழிக்குக் கஷாயம்

பல்லடம் பக்கம் எந்தச் சாலையில் திரும்பினாலும் கறிக்கோழிச் செட்டு கண்ணில் படும். கிழக்கு மேற்காக நீண்ட கூரை, பக்கவாட்டில் வலை, அதன்மேல் சுருட்டிக் கட்டிய படுதா. வெயில் உள்ளே விழக்கூடாது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் புகுந்து வெளியேற வேண்டும் என்பதற்காகவே அந்தத் திசை. நான் போன செட்டில் ஒரு தம்பதி அங்கேயே குடியிருந்து வேலை பார்க்கிறார்கள். சுண்ணாம்புத் தூளை மிதித்து, செருப்பை மாற்றிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

இயற்கைச் சத்துச் சேர்க்கை என்று சொல்லப்படுவதைப் பார்க்கத்தான் போனேன். அது அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. இடித்த சீரகம், மிளகு, நசுக்கிய பூண்டு, மஞ்சள்தூள், வேலியோரத்தில் பறித்த கீழாநெல்லி, ஒரு கொத்து வேப்பிலை. ஆறியதும் அந்த அம்மா பழைய வேட்டித் துணியை மடித்துப் பிடித்து வடிகட்டினார். மறுபடியும் வடிகட்டினார்.

“திப்பி போச்சுன்னா நிப்பிள் அடைச்சுக்குமுங்க. அப்புறம் ஒவ்வொண்ணாத் தட்டிப் பாக்கறது யாரு?”

நிப்பிள் என்பது கோழி கொத்திக் குடிக்கும் குழாய்முனை. கஷாயத்தைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். தாகத்தில் இருக்கும் கோழி கசப்பைப் பார்க்காமல் குடித்துவிடும். குடித்து முடித்ததும் வெறுந்தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். அலசாமல் விட்டால் உள்ளே பாசிபோல வழவழப்புப் படிந்து, மருந்தே கிருமிக்குத் தீனியாகிவிடும்.

தீவனத்தில் கலக்காமல் ஏன் தண்ணீரில்? இங்கே பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தருவது. செட்டு, தண்ணீர், கரண்ட், ஆள் மட்டும் பண்ணையாருடையது. தீவனம் குருணையாக மூட்டையில் வந்து இறங்குகிறது. அதில் கை வைக்க முடியாது. அவர் கைக்கு எட்டுவது தண்ணீர்த் தொட்டிதான்.

தீவன ஆலைகளும் இதைச் செய்யாமல் இல்லை. ஓமத்தில் உள்ள தைமால், மஞ்சள், கரிம அமிலங்கள், நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் எனப் பலவும் சேர்க்கிறார்கள். ஆனால் குருணை பிடிக்கும்போது நீராவிச் சூடு 80 டிகிரியை ஒட்டிப் போகும். சூடு தாங்காத நுண்ணுயிரி அங்கேயே செத்துவிடும். அதனால் வித்தாக உறங்கிச் சூட்டைத் தாங்கும் வகைகளைத்தான் தீவனத்தில் சேர்ப்பார்கள். மற்றவற்றைத் தண்ணீரில் கொடுப்பதே மேல்.

“இதைக் குடிச்சா எடை கூடுதுங்களா?” என்று அந்தச் செட்டின் பண்ணையாரிடம் கேட்டேன்.

“மஞ்சத்தண்ணில கோழி வளருமுங்களா தம்பி? வயிறு கெடாது. தின்னது ஒட்டும். அவ்வளவுதான்.”

இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சுமார் 40 கிராம் குஞ்சு ஆறே வாரத்தில் 2 கிலோவைத் தாண்டுவது பல பத்தாண்டு இனத்தேர்வின் விளைவு. கூடவே மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். ஒரு கிலோ எடைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் தீவனம் போகிறது. குடல் கெட்டால் அந்தக் கணக்கு ஏறும். அதைத் தடுக்கத்தான் 1950 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கி, சிறு அளவு ஆண்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அந்தப் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இந்தியாவில் கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தரக்கூடாது என்று 2019இல் தடை வந்தது. விட்டுப்போன அந்த இடத்துக்குத்தான் மஞ்சளும் பூண்டும் போட்டி போடுகின்றன.

இயற்கை என்பதற்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. முருங்கையிலைப் பொடியில் புரதம் இருக்கிறது, நாரும் இருக்கிறது. கோழிக்கு மாட்டின் இரைப்பை இல்லை; அளவு மீறினால் எடைதான் குறையும்.

பண்ணையார் தரையில் பரப்பிய தென்னை நார்க்கழிவில் ஒரு பிடி அள்ளி இறுக்கிக் காட்டினார். விரலைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. நிப்பிள் வரிசைக்குக் கீழிருந்து இன்னொரு பிடி. அது கட்டியாக நின்றது. உடனே அந்த அம்மாவின் கணவர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஈரம் தங்கினால் ரத்தக்கழிச்சல் வரும், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். பிறகு எந்தக் கஷாயமும் பலிக்காது. தினமும் இப்படிக் கிளறிவிடும் அவருடைய முதுகுவலிதான் அந்தச் செட்டின் முதல் மருந்து என்பேன்.

கறிக்கோழியை ‘ஊசி போட்டு வளர்க்கிறார்கள்’ என்று உலவும் பேச்சை இனியாவது விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஊசி போட அங்கே ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆண்டிபயாடிக் கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் நிறுத்தி எத்தனை நாள் கழித்துப் பிடித்தார்கள்? மிளகு, சீரகத்துக்கு ஆன செலவு பண்ணையார் கையிலிருந்து போகிறது. தீவனம் மிச்சமானால் அவர் கூலி கொஞ்சம் கூடலாம், மிச்ச லாபம் கம்பெனிக்கு. மருந்து குறைந்த கறி வேண்டுமென்றால் அந்தச் செலவையும் வளர்ப்புக் கூலியில் சேர்த்தாக வேண்டும்.