மானுக்கு மொய் 24 ரூபாய்

கோவில்பட்டிக்காரனிடம் "உங்க ஊர்ல பார்க்க என்ன சார் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் கடலை மிட்டாயை நீட்டுவான். (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாயாக்கும்!) அடுத்து கழுகுமலை, எட்டயபுரம். அதற்கு மேலும் நச்சரித்தால் வெயிலைக் காட்டுவான். எங்கள் பக்கம் 'காட்டுக்குப் போறேன்' என்றால் உளுந்தும் பாசியும் விளைகிற கரிசலுக்குப் போவதாக அர்த்தம். அதில் மிருகம் என்றால் உழவு மாடுதான்.

நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன், வல்லநாட்டுக்குப் போகும் வரை.

கயத்தாறு, திருநெல்வேலி, அங்கிருந்து தூத்துக்குடி ரோடு. பைக்கில் நானும் எங்கள் ஆபீஸ் கேஷியரும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு வறட்டுக் குன்று, சுற்றிலும் முள். இதற்கா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்தோம் என்று இருந்தது. ஆனால் 1987-லிருந்தே இது சரணாலயம். 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான்.

வனத்துறையிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் அரை மணி நேரம் உடைமரங்களையே பார்த்துக் கொண்டிருந்தோம். "போர்டுல வரைஞ்சிருக்கிற மானையாவது போட்டோ எடுத்துட்டுக் கிளம்பலாம் சார்" என்றார் கேஷியர்.

அப்போதுதான் வந்தது.

முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, தலையில் திருகித் திருகி ஏறிய இரண்டு கொம்பு. பின்னால் கொம்பில்லாத ஏழெட்டுப் பெண் மான்கள், செம்மண் நிறத்தில். எங்களைப் பார்த்ததும் ஒன்று எகிறியது பாருங்கள்... தரையில் ஸ்பிரிங் வைத்தது மாதிரி! அடுத்தடுத்து எல்லாம் எகிறி, முள்ளுக்குள் மறைந்துவிட்டன. கேஷியர் வாயை மூடவே இல்லை. மாதக் கடைசியில் கணக்கு இடித்தால்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். பக்கத்து பெஞ்சில் ஒரு அண்ணாச்சி.

"மான் பாத்தியளா?"

"பாத்தோம் அண்ணாச்சி. என்னா அழகு!"

"அழகுதான். ராத்திரி எங்க பாசியில வந்து நிக்கும்போதும் அழகாத்தான் இருக்கு."

தகரத்தைத் தட்டிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பாராம். கரண்டு வேலி போட்டால் குற்றம். மானைத் தொட்டாலோ கேட்கவே வேண்டாம். ராஜஸ்தானில் 1998-ல் நடந்த வெளிமான் வேட்டை வழக்கில் சல்மான்கானுக்கே 2018-ல் ஐந்து வருடத் தண்டனை விழுந்தது. அவருக்கு ஜாமீன் எடுக்க ஆள் இருக்கிறது. அண்ணாச்சிக்கு?

"காரு காரா வாறாக, பாக்காக, போறாக. எங்களுக்கு என்னத்த மிச்சம்? நீங்களே சொல்லுங்க."

பதில் சொல்லாமல் டீக்கு காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

அன்றைக்கு ராத்திரி கணக்கு எழுதினேன் (தொழில் புத்தி!). பெட்ரோல் 300. திருநெல்வேலியில் டிபன் 180. அல்வா 160. வல்லநாட்டில் இரண்டு டீ 24. ஆக 664 ரூபாயில் மானுக்கு இடம் கொடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது 24. கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் நழுவியது மாதிரி இருந்தது.

நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் கதையே வேறு. 1994-ல் அரசாங்கம் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வந்தார்கள். வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்ட மாட்டார்கள். எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். நாரை வாடகை கொடுத்துவிடுகிறது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் அந்த ஊர் ஏறிவிட்டது. பாவம், மானுக்கு அந்த வித்தை தெரியாது. அதற்குப் பதிலாக, பார்க்கப் போகிற நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்காக பஸ் பஸ்ஸாக ஆள் இறக்கினால், வெட்டவெளியும் புல்லும் அமைதியும் கேட்கிற பிராணி எங்கே போகும்? ஏற்கெனவே சீமைக்கருவேல் அதன் புல்வெளியைத் தின்கிறது.

அடுத்த மாதம் ஆபீஸிலிருந்து நாலு பேர் போனோம். டிபன் வல்லநாட்டில்தான் என்று முதல் நாளே டீக்கடைக்காரர் மூலம் அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். வீட்டுத் திண்ணையில் கம்பங்கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். கேஷியர் மூன்று செம்பு!

"எவ்வளவு அண்ணாச்சி?"

"கூழுக்கு யாராச்சும் காசு வாங்குவாகளா?" என்று கையை உதறினார்.

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுத்தார்கள்: "ஆளுக்கு அம்பது வாங்குங்க. போன வாரம் போன பாசியை யாரு தருவா?"

200 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். மடியில் செருகிக்கொண்டு அண்ணாச்சி கேட்டார், "அடுத்த தடவை எத்தனை பேரு வாறிய?"