அஸ்தால்: முகம் மாறின ரெட்டையர்கள்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். சோங் ஜூங்கி இல்லாத அஸ்தால் ஒரு அஸ்தாலே இல்லைங்கற கட்சிக்காரங்க டென்ஷன் ஆகாம படிக்கணும். லீ ஜூன்கி வாள எடுத்தா போதும், மத்ததெல்லாம் எதுக்குங்கற கட்சியும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். நான் ரெண்டு கட்சியிலயும் இல்ல. ரெண்டு பக்கமும் அடி வாங்கற கட்சி :-)

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 'அஸ்தால் குரோனிக்கிள்ஸ்' 2019 ஜூன்ல கொரியாவோட டிவிஎன் சேனல்ல ஆரம்பிச்ச நாடகம். ஆங்கிலத்துல எழுதறப்போ நடுவுல ஒரு 'ர்' போடறாங்க. கொரியாக்காரங்க வாயில அது 'அசுதால்' மாதிரிதான் வருது. 'ஆர்த்தால்'னு எழுதினா தமிழ்ல யாரோ கர்ஜிக்கற மாதிரி இருக்கு, அதனால நான் அஸ்தால்னே வெச்சுக்கறேன். ஆறு ஆறு எபிசோடா மூணு பாகம், மொத்தம் 18. செப்டம்பர்ல முடிஞ்சது. இல்ல, முடியாம நின்னது. அதுக்கப்புறம் நாலு வருஷம் மௌனம். 2023 செப்டம்பர் 9 அன்னிக்கு 'ஆரமுனின் வாள்'ங்கற பேர்ல ரெண்டாவது சீசன் வந்துச்சு. 12 எபிசோட். அதுல ரெட்டை வேஷ ஹீரோ சோங் ஜூங்கிக்கு பதிலா லீ ஜூன்கி, ஹீரோயின் கிம் ஜிவோனுக்கு பதிலா ஷின் செக்யோங். டைரக்டரும் கிம் வோன்சோக் போயி கிம் குவாங்சிக். ஆனா வில்லன் ஜாங் டாங்கன் அப்படியே இருக்காரு, வில்லி கிம் ஓக்பின் அப்படியே இருக்காங்க. எழுதினவங்களும் அதே ஜோடிதான், கிம் யோங்யோன், பார்க் சாங்யோன்.

சண்டை இங்கதான் ஆரம்பிச்சது. கொரிய நாடகம் பாக்கறவங்க ரெண்டு பேர் எங்க சந்திச்சாலும் முதல் கேள்வி, "நீ ஒத்துக்கறியா, இல்லியா?"

ஒத்துக்கறதுக்கு ஏன் கஷ்டம்னு புரியணும்னா கதை கொஞ்சம் தெரியணும். வெண்கலக் காலத்துல, ஆர்த்ங்கற கற்பனை நிலம். அங்க மனுஷங்க இருக்காங்க, நோயந்தல்னு இன்னொரு இனமும் இருக்கு. நோயந்தலுக்கு ரத்தம் நீலம். பலம் ஜாஸ்தி, ஆனா விவசாயம், கூட்டணி, சூழ்ச்சி இதெல்லாம் கிடையாது. மனுஷங்க பேச்சுவார்த்தைக்குப் போற மாதிரி போயி, பரிசுப் பொருளோட நோயையும் சேர்த்துக் குடுத்து, மிச்சம் இருந்தவங்கள வேட்டையாடிடறாங்க. முதல் எபிசோட்லயே! ரெண்டு இனத்துக்கும் பிறக்கற பிள்ளைகளுக்குப் பேரு இகுது. ரத்தம் ஊதா. வெளிய தெரிஞ்சா கொன்னுடுவாங்க.

அப்படிப் பிறந்த ரெட்டையர்தான் உன்சோம், சாயா. ஒருத்தன அம்மா தூக்கிட்டு ஓடி, பெரிய கருப்பு மலைச்சரிவுக்குக் கீழ இருக்கற இயார்க்குக்குப் போயிடறா. அவன் வாஹான்னு ஒரு சாதுவான கூட்டத்தோட வளர்றான். இன்னொருத்தன வேட்டைக்குத் தலைமை தாங்கின தகோனே எடுத்துக்கிட்டுப் போயி ஒரு கோபுரத்துல ஒளிச்சு வெச்சு வளர்க்கறான். ஒருத்தனுக்கு வானம் பூரா கூரை. இன்னொருத்தனுக்கு ஒரு ரூம். ஒருத்தன் வாழ்க்கை இன்னொருத்தன் கனவுல வருது.

நம்ம பாஷையில சொன்னா ஒரே கிளாஸ், ரெண்டு ஆப்ஜெக்ட். முதல் சீசனோட பாதி சுகம் அந்த ரெண்டு ஆப்ஜெக்டையும் நாம பிரிச்சுப் பாக்கறதுலதான் இருந்துச்சு. உன்சோம் நடக்கறப்போ தோள் முன்னாடி போகும். சாயா தலைய லேசா சாய்ச்சு, எதிராள அளந்து பாப்பான். பதினெட்டு எபிசோட் உக்காந்து நாம கத்துக்கிட்ட பாடம் அது. அதனால முகம் மாறினப்போ ஒரு ஹீரோ மாறல, ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாறிட்டாங்க. கத்துக்கிட்ட பாடம் வேஸ்ட். புது சிலபஸ்.

இதே சமயத்துல வந்த இன்னொரு நாடகத்தோட ஒப்பிட்டா இன்னும் நல்லா புரியும். 'ஆல்கெமி ஆஃப் சோல்ஸ்' முதல் பாகம் 2022 ஜூன்ல வந்துச்சு, ரெண்டாவது பாகம் அதே டிசம்பர்ல. அங்கயும் நாயகி மாறினாங்க, ஜுங் சோமின் போயி கோ யூன்ஜுங். ஆனா அந்தக் கதையே ஆவி கூடு விட்டுக் கூடு பாயறதுதான்! கோ யூன்ஜுங் முதல் எபிசோட்லயே அந்த வாள்காரி நக்சுவா வந்துட்டுப் போனவங்க. அதனால மாத்தம் கதைக்குள்ளயே உக்காந்துக்கிச்சு. அப்பவும் ரசிகர்கள் அழுதாங்க, அது வேற. அஸ்தால்ல அப்படி ஒரு சாக்கு கிடையாது. திரை திறக்குது, எட்டு வருஷம் ஆச்சுங்கறாங்க, புது முகம் வந்து நிக்குது, இவன்தான் உன்சோம்ங்கறாங்க. அவ்ளோதான். நம்பினா நம்பு.

நான் நம்பினேன். எப்படின்னா, ஜாங் டாங்கன் நம்பினாரு. சிரிக்காதீங்க. தகோன் அந்தப் புது சாயாவைப் பாக்கறப்போ, சின்ன வயசுலேர்ந்து வளர்த்த புள்ளய, வளர்த்ததாலயே பயந்துக்கிட்டிருக்கற அப்பன் பாக்கற மாதிரி பாக்கறாரு. அவர் கண்ணுல பழைய சீசன் பூரா இருக்கு. நமக்கு இல்லாத ஞாபகத்த அவர் கடன் குடுக்கறாரு.

ஷின் செக்யோங் விஷயத்துல இன்னொரு கூத்து. அவங்க இந்த எழுத்தாளர்களுக்குப் புதுசே இல்ல. ஹங்குல் எழுத்து பிறந்த கதைய வெச்சு 2011-ல இவங்க எழுதின 'ட்ரீ வித் டீப் ரூட்ஸ்' நாடகத்துல அவங்கதான் நாயகி. 2015-ல வந்த 'சிக்ஸ் ஃப்ளையிங் டிராகன்ஸ்'லயும் அவங்கதான். அதுலயும் பெரிய வேடிக்கை, 2011 நாடகத்துல இளவயசு ராஜா செஜோங்கா வந்தது நம்ம சோங் ஜூங்கி! ஆக போனவரும் வந்தவங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான். தான்யாங்கற பாத்திரம் அடிமையா சங்கிலியில இழுத்து வரப்பட்டு, தன் மூதாதை பேர ஆயுதமாக்கி, தலைமைப் பூசாரியா ஏறி நின்னவ. கிம் ஜிவோன் அந்த ஏற்றத்தக் காட்டினாங்க. ஏறினப்புறம் அங்க தனியா உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு ஷின் செக்யோங் காட்டறாங்க. எனக்கு ரெண்டும் பிடிச்சது. (அடிக்க வராதீங்க.)

அப்ப குறையே இல்லியா? இருக்கு, பெருசா இருக்கு. ஆனா அது முகம் இல்ல. அந்த எட்டு வருஷம்.

முதல் சீசன் மெதுவா போகுதுன்னு எல்லாரும் திட்டினாங்க. கேம் ஆஃப் த்ரோன்ஸ் காப்பின்னும் திட்டினாங்க. அந்த உரோமத் தோல் போர்வையப் பாத்தா நானும் மறுக்க மாட்டேன். ஆனா அந்த மெதுவுலதான் விஷயமே இருந்துச்சு. வாஹான் கூட்டத்துக்கு ஒருத்தன் இன்னொருத்தன சொந்தமாக்கிக்க முடியும்ங்கறதே தெரியாது. குதிரை மேல ஏறிப் பாக்கணும்னு உன்சோம் நினைச்சதே அங்க பெரிய குத்தம். அவன் பிடிபட்டு, சுரங்கத்துல அடிமையாகி, வெளிய வந்து, ஒருத்தரையொருத்தர் வித்துக்கிட்டு சிதறிக் கிடந்த ஆகோ கூட்டங்கள்கிட்ட போயி அவங்களோட இனாய்ஷிங்கியா நிக்கற வரைக்கும், ஒவ்வொரு படியா நாமளும் கூட ஏறினோம். அந்தப் பக்கம் தகோன், தன் ஊதா ரத்தத்த யாரும் பாக்கக்கூடாதுன்னு கொலை மேல கொலை பண்ணி, பெத்த அப்பனையும் கொன்னு, கடைசியில ராஜாங்கற ஒரு புது விஷயத்தையே கண்டுபிடிக்கறான். ஒரு கூட்டணி எப்படி ராஜ்ஜியமாகுதுன்னு இவ்ளோ அருவருப்பா, இவ்ளோ தெளிவா எந்த நாடகமும் எனக்குக் காட்டினதில்ல.

ரெண்டாவது சீசன்ல உன்சோம் ரெடிமேடா வர்றான். படை இருக்கு, பேர் இருக்கு, பின்னாடி நிக்க ஆகோ கூட்டங்கள் இருக்கு. அந்தக் கூட்டங்கள ஒண்ணா கட்டறதுக்குள்ள அவன் எத்தன பேர்கிட்ட தோத்திருப்பான், யாரப் பலி குடுத்திருப்பான், தகோன் மாதிரி ஆயிடக்கூடாதுன்னு எத்தன ராத்திரி முழிச்சிருப்பான்? எனக்கு அதுதான் பாக்கணும். அத அப்படியே முழுங்கிட்டாங்க. இதுக்கு நடுவுல பன்னெண்டே எபிசோட்ல ஒரு போர, ஒரு காதல, ஒரு அரண்மனைச் சதிய, ஒரு தீர்க்கதரிசனத்த முடிச்சாகணும். லீ ஜூன்கி எவ்ளோ உழைச்சாலும் எழுதாத எட்டு வருஷத்த முகத்துல கொண்டுவர முடியுமா? பாதி கொண்டுவந்திருக்காரு, அதுவே பெரிய விஷயம்.

இத்தனைக்கும் அந்தத் தீர்க்கதரிசனம் பிரமாதமான சரக்கு. நீல வால்நட்சத்திரம் வந்த அன்னிக்குப் பிறந்த மூணு பிள்ளைங்க: ஒருத்தர் வாள், ஒருத்தர் மணி, ஒருத்தர் கண்ணாடி. இது சும்மா அடிச்சு விட்டது இல்ல. கொரியாவோட ஆதிக் கதையில, வானத்துலேர்ந்து இறங்கி வந்த ஹ்வானுங் மூணு தெய்வ முத்திரைகளோட வந்தார்னு 13-ஆம் நூற்றாண்டுல இர்யோன்ங்கற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா' சொல்லுது. என்ன மூணுன்னு அதுல இல்ல. வெண்கல வாள், மணி, கண்ணாடின்னு பிற்காலத்துல பொதுவா சொல்றாங்க. அந்த ஹ்வானுங்குக்கும் கரடியா இருந்து பொண்ணா மாறினவளுக்கும் பிறந்த தான்குன், தலைநகர் வெச்ச இடத்தோட பேரு அசாதால். அஸ்தால், அசாதால்... புரியுதா? ரெண்டு இனம் கலந்து பிறந்த பிள்ளை ராஜ்ஜியத்துக்கு மூலம்ங்கறது அவங்க புராணத்துலயே இருக்கு. இவங்க அந்தப் பொருளுங்கள மனுஷங்களாக்கிட்டாங்க. உன்சோம் வாள், தான்யா மணி, சாயா கண்ணாடி. ஒரே முகம் வெச்சுக்கிட்டு எதிர்ல நிக்கறவனுக்குக் கண்ணாடின்னு பேர் வெச்சவன் கைய முத்தமிடணும்.

ஒரு சின்ன இடைச்செருகல். 2019-ல முதல் சீசனுக்காக புரூனேயில எல்லாம் போயி படமெடுத்தப்போ, டெக்னீஷியன்கள ஓய்வில்லாம வேலை வாங்கினாங்கன்னு தொழிலாளர் அமைப்புகள் அந்த ஏப்ரல்லயே புகார் குடுத்தாங்க. ரிலீஸ் தேதி நெருங்கறப்போ நம்ம ஆபீஸ்ல நடக்கறது தெரியும்ல? அடிமைச் சுரங்கக் காட்சிகளப் பாக்கறப்போ கேமராவுக்கு இந்தப் பக்கம் எத்தன மணி நேரமா நின்னுட்டிருந்தாங்களோன்னு எனக்குத் தோணாம இல்ல.

இப்ப எங்க அக்கா விஷயம். எனக்கு கொரிய நாடகப் பழக்கமே அவளால வந்தது. புதுயுகம் டிவியில கொரியாக்காரங்க தமிழ் பேசிக்கிட்டிருந்த காலத்துலேர்ந்தே அவ ரசிகை. 2019-ல நான் காலேஜ் முடிச்சு பெங்களூர்ல முதல் வேலையில சேர்ந்திருந்தேன், அவ கல்யாணமாகி கோயமுத்தூர்ல. சனி, ஞாயிறு ராத்திரி எபிசோட் முடிஞ்ச உடனே போன் வரும். "டேய், தேயால்ஹா பண்ணினது சரியாடா?"ன்னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம். நாடகத்தப் பத்திப் பேசறோம்னு பேரு. அதுல பாதி அவ மாமியார் வீட்டக் கத்துக்கிட்ட கதை, பாதி நான் எனக்குப் பிடிக்காத ப்ராஜெக்ட்ட சகிச்சுக்கிட்ட கதை. செப்டம்பர்ல சீசன் முடிஞ்சப்புறம் போன் குறைஞ்சு போச்சு. சண்டையெல்லாம் இல்ல. பேச ஒரு தேயால்ஹா இல்ல, அவ்ளோதான். அப்புறம் அவளுக்குக் குழந்தை பிறந்துச்சு, எனக்கு வேலை மாறுச்சு.

2023-ல புது சீசன் அறிவிப்பு வந்ததும் நான்தான் முதல்ல கூப்பிட்டேன். "அது என் உன்சோம் இல்லடா. நீ பாத்துக்கோ"ன்னு வெச்சுட்டா. பன்னெண்டு எபிசோடும் தனியா பாத்தேன். முகம் மாறினது எனக்கு உறைச்ச ஒரே இடம் அதுதான். நல்ல சீன் வந்தா சொல்ல ஆளில்ல.

இந்த வருஷம் பொங்கலுக்குப் போனப்போ, குழந்தை தூங்கினப்புறம் அவளே "சரி, போடு பாக்கலாம்"னா. முதல் எபிசோட் பூரா உம்முனு இருந்தா. தகோன் வந்த சீன்ல மட்டும் நிறுத்தச் சொன்னா. "இவருக்கு மட்டும் நெஜமாவே வயசாகியிருக்குடா. மத்தவங்களுக்கு முகமே மாறிடுச்சு. எட்டு வருஷம் கழிச்சு என்னையப் பாத்தா உனக்கு மட்டும் அதே அக்காவா தெரிஞ்சேனா?" நான் பதில் சொல்லல. அவ மறுபடி பிளே பட்டன அழுத்திட்டா.

அப்புறம் உன்சோமும் சாயாவும் முதல் தடவையா நேருக்கு நேர் நிக்கற காட்சி. போன சீசன் பூரா கனவுல மட்டும் பாத்துக்கிட்ட ரெண்டு பேர். அங்க லீ ஜூன்கி ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல கண்ண மட்டும் மாத்தறாரு. "இதுல எது என் உன்சோம்?"னு அவ கேக்கவே இல்ல. கண்டுபிடிச்சுட்டா.

புதுசா பாக்கப் போறவங்களுக்கு: முதல் சீசன் முதல் ரெண்டு எபிசோட் பேரு, இனம், குலம்னு தலை சுத்தும். ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டுப் பாருங்க, வெக்கப்பட வேண்டாம், நானே எழுதினேன். நேரா ரெண்டாவது சீசன்ல குதிக்காதீங்க. தகோனோட பயம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம அவன வெறும் கெட்டவனாப் பாத்துட்டுப் போயிடுவீங்க.

முடிவைப் பத்தி நிறைய புலம்பணும். ஆனா அக்கா இப்போ ஒன்பதாவது எபிசோட்ல இருக்கா, இதையும் படிப்பா. சொன்னா கொலை விழும். அது அடுத்த பதிவுல.