நொய்ச் சோற்றுக்கு வந்த மரியாதை

நைஜீரியக்காரரும் கானாக்காரரும் ஓரிடத்தில் சேர்ந்தால், தக்காளி சேர்த்துச் சமைக்கும் ஜாலோஃப் சோறு யார் ஊரில் ருசி என்ற சண்டை வராமல் போகாது. 2014-இல் இங்கிலாந்துச் சமையல்காரர் ஜேமி ஆலிவர் எலுமிச்சையும் பார்ஸ்லியும் சேர்த்து ஒரு செய்முறை வெளியிட்டபோது மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து அவரை ஒரு பிடி பிடித்தன. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. எனக்குப் பிடித்தது அந்தச் சோற்றின் தாய்வீடான செனகலின் கதை.

அங்கே அதன் பெயர் செபு ஜென், மீன் சோறு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் செனகல் விவசாயியைக் கடலை பயிரிட வைத்தார்கள். தானியம் விளைந்த நிலம் கடலைக்குப் போயிற்று. வயிற்றுக்கு என்ன வழி? இந்தோசீனாவின் அரிசி ஆலைகளில் மிஞ்சிய நொய்யை மலிவாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். (செனகலின் செயின்ட் லூயி துறைக்குப் புதுச்சேரி நீலத் துணியும் போனது, செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அதுதான் பணமாகப் புழங்கியது. நம் நெசவாளியையும் அந்த ஊர்க்காரரையும் ஒரே முதலாளிதான் ஆட்டிவைத்தான்.)

நம் வீடுகளில் நொய் என்றால் கோழிக்கு, இல்லாவிட்டால் காய்ச்சல்காரரின் கஞ்சிக்கு. செயின்ட் லூயிப் பெண்களோ அதை விருந்தாக்கினார்கள். பெண்டா ம்பாய் என்ற சமையல்காரியின் கைப்பக்குவத்தில் பிறந்தது என்பது ஊர் வழக்கு.

மீனைக் கீறி, பூண்டும் பார்ஸ்லியும் மிளகாயும் இடித்த விழுதை உள்ளே அடைத்துப் பொரிக்கிறார்கள். அதே எண்ணெயில் வெங்காயமும் தக்காளி விழுதும். பச்சை வாடை போய், நிறம் கறுத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிளற வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசிவரை புளிக்கும். பிறகு தண்ணீர், மரவள்ளி, முட்டைக்கோஸ், கத்தரிக்காய், கொஞ்சம் கருவாடு. நொய்யை நேராகக் கொட்டினால் களியாகிவிடும். அதனால் கழுவிய நொய்யை முதலில் ஆவியில் அரைவேக்காடு வேகவைத்து, அப்புறம்தான் குழம்பில் சேர்த்துத் தீயைத் தணிக்கிறார்கள். உடைந்த அரிசி முழு அரிசியைவிட நன்றாகவே சாறு குடிக்கும். எந்தக் குறைக்காக ஒதுக்கினார்களோ அதுவே ருசிக்குக் காரணம். அடிப்பிடித்த காந்தலைக்கூட வீணாக்காமல் சுரண்டித் தனியாகப் பரிமாறுவார்கள்.

பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ளதை மட்டும் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். நடுவிலிருக்கும் மீனை வீட்டுக்காரி பிட்டு ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவைப்பாள். இதையெல்லாம் சேர்த்துத்தான் 2021-இல் யுனெஸ்கோ அந்தச் சமையலைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது.

கைப்பக்குவத்தைப் புகழ்கிறேன் என்பதற்காக, நொய்யைத் தலையில் கட்டியவனுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. கடலைக்கு விட்டுக்கொடுத்த நிலத்தின் விலையை அந்த நாடு இன்னும் கொடுக்கிறது. நல்ல முழு அரிசி கிடைத்தாலும் அவர்களுக்கு நொய்தான் வேண்டும்; அதில் பெரும்பங்கு இறக்குமதி, நம் நாட்டிலிருந்தும் போகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, இங்கே கோழித் தீவனம் விலையேறுகிறது என்பது. பிறகு செனகல் போன்ற சில நாடுகளுக்கு மட்டும் தனி அனுமதி கொடுத்து அனுப்பினார்கள்.