அண்ணாமலையை வீட்டிற்குக் கொண்டுசெல்ல

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக இருசக்கர வாகனத்தில் திருவண்ணாமலை செல்லும் அன்பர்கள், இராஜகிரிக் கோட்டையைக் கடந்ததுமே தொடுவானத்தை நோக்கத் தொடங்குவர். 2,668 அடி உயர அண்ணாமலை, ஊருக்கு வெகு முன்னரே காட்சி தந்துவிடும். முழங்கால் நோவால் வீட்டோடு இருக்கும் பெரியோருக்கு அதைக் காட்டவென்றே இன்று பலர் சிறு கேமரா வாங்குகின்றனர்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்கு 1080பி தெளிவே போதும்; படத்தின் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். செல்பேசியைக் கைப்பிடியில் பொருத்துவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் மோட்டார் சைக்கிளின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. மார்புப் பட்டையில் அணிந்தால் அதிர்வை உடலே தாங்கிக்கொள்ளும். மாற்று பேட்டரி ஒன்று அவசியம். சென்னையிலிருந்தே ஓடவிட்டால், மலை தெரியும் வேளையில் கேமரா அணைந்திருக்கும்.

14 கிலோமீட்டர் கிரிவலத்தை நடந்தே சுற்றுதல் மரபு. பௌர்ணமி இரவில் மலிவான கேமராவின் படம் மங்கிப் புள்ளிபுள்ளியாகும். பதிவுக்கு ஏற்றது விடியற்காலையே. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை மலை கோணந்தோறும் உருமாறும். கைகூப்பும்போது மார்புக் கேமராவைக் கைகள் மறைக்கும், மறைக்கட்டும்.

217 அடி இராஜகோபுரத்தை வெளியிலிருந்தே பதிவு செய்துகொண்டு, கேமராவைப் பைக்குள் வைத்துவிடுக. சந்நிதியிலிருந்து பெரியோருக்கு விபூதிப் பொட்டலம் போதும்.